விட்ட பழம்

ஜூலை 13, திங்கள்

டாக்டரம்மா தினமும் எழுதச் சொன்னது மூன்றே விஷயம்: என்ன சாப்பிட்டேன், எத்தனை முறை வாந்தி, எவ்வளவு தூக்கம். அதற்கு ஒரு நோட்டு வாங்கி வாருங்கள் என்றால், என் வீட்டுக்காரர் குணசீலன் ரோஜாப்பூ அட்டை போட்ட தடிமனான டைரியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். "எதுக்குங்க இவ்ளோ பெருசு?" என்றேன். "இன்னும் ஏழு மாசம் இருக்கேம்மா" என்றார். வாயை மூடுங்கள் என்றேன். மூன்று மாதம் முடியும்வரை இந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் மனுஷனுக்கு மண்டையில் ஏறுவதில்லை.

இன்றோடு ஏழு வாரம். போன தடவை பத்தாவது வாரத்தில் போய்விட்டது. இந்தத் தடவை தங்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஒருமுறை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

சாப்பாடு: ரஸ்க் இரண்டு, மோர்சாதம் நாலு வாய். வாந்தி: நாலு. தூக்கம்: எங்கே வருகிறது?

ஜூலை 16, வியாழன்

இங்கே கனடாவில் காலை, பண்ருட்டியிலிருந்து அம்மா பேசினாள். அங்கே சாயங்காலம். தம்பி எழில் மண்டியிலிருந்து கடைசிப் பலாப்பழங்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறானாம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து சுளை எடுத்துக்கொண்டே பேசினாள். போனில் கத்திச் சத்தம் கேட்டது.

"எப்படிம்மா இருக்கு இந்த வருசம்?"

"உன் தம்பி ஒரு சுளைய வாயில போட்டுட்டு வெல்லப்பாகுன்னான். எதுர்வீட்டுப் புள்ளைங்களும் அதயேதான் சொல்லுதுங்க. நீ ஏன் ஒரு மாதிரி பேசற?"

"சளிம்மா."

அம்மாவிடம் சொல்லவில்லை. போன தடவை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சொன்னால் நாளைக்கே திருவதிகை கோயிலுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவாள், தெருவில் ஒரு வீடு பாக்கி இருக்காது. மூன்று மாதம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

சாப்பாடு: இட்லி ஒன்று. அதுவும் வெளியே வந்துவிட்டது.

ஜூலை 20, திங்கள்

வேலைக்குப் போனேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிற வேலை. பாட்டிலில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் படித்தே எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, எதை வாங்கினாலும் பின்பக்கம் திருப்பிப் படித்துவிடுவேன். சாயங்காலம் தயிர் டப்பா, ஜூஸ், பிஸ்கட் எல்லாவற்றையும் படித்தேன். தயிர் ஒன்றில் பீச் பழம் இருந்தது. திருப்பி வைத்துவிட்டேன். எனக்கு அது ஆகாது.

குணா கேட்டார், "பீச்சுன்னா உனக்கு என்னா பகை?" பிடிக்காது என்றேன். அவருக்கு அது போதும்.

ஜூலை 25, சனி

ஷெரின் அக்கா போன் செய்தார். நாகர்கோவில்காரர், இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த ஹாமில்டனில் எனக்கு அக்கா என்று இருப்பது அவர் ஒருவர்தான். ஆகஸ்ட் எட்டாம் தேதி எல்லோரும் நயாகரா பக்கம் ஒரு பழத்தோட்டத்துக்குப் போகிறோம், நாமே பறித்துக்கொள்ளலாம் என்றார்.

"என்ன பழம்க்கா?"

"பீச். மரத்துலேருந்தே பறிச்சுத் திங்கலாம். பிருந்தாவும் பிள்ளையும் வருவாவ. நீ ஏதாவது சாக்கு சொன்ன, வீட்டுல வந்து தூக்கிட்டுப் போவேன் கேட்டியா."

பிருந்தா இதே கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. நாங்கள் ஆறாவது. திருப்பூர்ப் பெண். ஒரு காலத்தில் அவள் வீட்டுக் குழம்பு எங்கள் அடுப்பிலும் எங்கள் தோசைமாவு அவள் பிரிட்ஜிலும் இருக்கும். இப்போது அப்படி இல்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு அவள் ஏதாவது செய்து டப்பாவில் அனுப்புவாள். காலிப் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று ஒரு கை சர்க்கரை போட்டு குணாவிடம் கொடுத்தனுப்புவேன். எனக்கு அவள் மேல் ஒன்றும் இல்லை. நேரம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கப்போவது யார்?

அப்பா இறந்து ஒரு வருடம் ஆனதும் காசிக்கும் கயாவுக்கும் போனோம். ஒன்பது வருடம் ஆகிறது, எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்மா, நான், எழில், அத்தை. கயாவில் பிண்டம் வைத்து முடித்ததும் ஆலமரத்தடியில் நிற்கவைத்து ஒரு காய், ஒரு பழம் விடச் சொல்வார்கள். பிடித்ததை விட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது. ரயிலிலேயே அத்தை எங்களுக்கு டியூஷன் எடுத்துவிட்டாள். "பிடிச்சதச் சொல்லித் தொலைக்காதீங்க. உங்க மாமா கத்திரிக்காய விட்டுட்டு சாவுற வரைக்கும் புலம்புனாரு. வாயில போகாத ஒண்ண யோசிச்சு வெச்சிக்கங்க." எழில் பாகற்காய் என்று முடிவு செய்தான். நான் பீட்ரூட். பழத்துக்கு ரொம்ப யோசிக்கவே இல்லை. ரயில் பாத்ரூமுக்கு எடுத்துப் போன சோப்பு உறையில் பீச் பழம் படம் போட்டிருந்தது. பண்ருட்டியில் எந்த ஜென்மத்தில் பீச் விற்கப் போகிறான்?

ஐயர் கேட்டார், பீட்ரூட், பீச் என்றேன். அவரும் எழுதிவைத்த மாதிரி மந்திரத்தைச் சொல்லித் தண்ணீர் விடச் சொன்னார். எனக்கு அடுத்தது அம்மா. அவள் என்ன சொன்னாள் என்று கூட்டத்தில் காதில் விழவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்து நானும் எழிலும் சிரித்துக்கொண்டோம்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், பிருந்தாவுக்கு வளைகாப்பு. அவளுக்கு ஏழு மாதம். எனக்கு ஒன்பது வாரம், யாருக்கும் தெரியாது. அவளே கேக் செய்திருந்தாள். பிப்ரவரியில் ஏது பீச்? டப்பாவில் வருகிறது. இரண்டு துண்டு சாப்பிட்டு, மூன்றாவதற்குத் தட்டை நீட்டியபோதுதான் சொன்னாள், "பீச் கேக் உனக்கு இவ்ளோ பிடிக்கும்னு தெரியாமப் போச்சே."

நாலாம் நாள் போய்விட்டது.

நான் படித்தவள். பழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரும் சொன்னார், எத்தனையோ பேருக்கு நடப்பதுதான், காரணம் என்று ஒன்று கிடையாது என்று. பிருந்தாவுக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்கப் போகவில்லை. எனக்கு அப்போது சளி.

ஆகஸ்ட் 3, திங்கள்

பத்து வாரம் முடிந்தது. ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம் கிளறினேன், ஒரு வாய் கூட இறங்கவில்லை. குணா முழுவதையும் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

வாந்தி: ஐந்து. தூக்கம்: மூன்று மணி நேரம். எடை ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்கிறது. இப்படியே போனால் ஊசி போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 8, சனி

போய்விட்டு வந்தோம். இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இரண்டு கார். எங்கள் வண்டியில் நாங்கள் இருவர். பிருந்தாவின் கணவருக்கு வேலை, அதனால் அவளே ஓட்டினாள். அவளோடு மகள் மகிழினியும் ஷெரின் அக்காவும். இங்கே உள்ள தமிழர்கள் எங்கே போனாலும் முதலில் சாப்பாடு போகும், பிறகுதான் ஆள். புளியோதரை, கோழி வறுவல், வடாம், ஒரு பெரிய பிளாஸ்க் டீ. கோழி டப்பாவைத் திறந்ததும் நான் நாலு மரம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

வாசலிலிருந்து மரங்கள் வரை டிராக்டரில் இழுக்கிற வண்டி. குலுங்கிக் குலுங்கிப் போகும். நான் நடந்தே வருகிறேன் என்றேன். "உனக்கென்ன கிறுக்கா, வெயிலப் பாரு" என்றார் ஷெரின் அக்கா. குணாவும் என்னோடு நடந்தார். மூன்று கால் ஏணிகளைப் பார்த்ததும் எனக்கு உயரம் ஆகாது என்று சொல்லிவைத்தேன். ஒரே நாளில் இத்தனை பொய் நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னதில்லை.

மரங்கள் குட்டையாகத்தான் இருந்தன. கிளைக்குக் கிளை சிவப்பும் மஞ்சளுமாகப் பழம். கீழே விழுந்தவற்றைக் குளவி மொய்த்தது. பழத்தின் மேலுள்ள பஞ்சு கழுத்தில் பட்டு அரித்தது.

அந்த வாசனையைப் பற்றி எழுதத்தான் வேண்டும். ஒரு மாதமாக எந்த வாசனை வந்தாலும் குமட்டும் எனக்கு, மரத்தடியில் போய் நின்றதும் பசித்தது. நிஜமான பசி, அடிவயிற்றிலிருந்து. வாயில் எச்சில் ஊறிவிட்டது. உள்ளே இருக்கிற ஜீவன் இதைத்தான் கேட்கிறது என்று தெரிந்தது. உலகத்தில் ஆயிரம் பழம் இருக்க, அப்பா காரியத்தில் இனி தொட மாட்டேன் என்று நான் சொன்ன இந்த ஒன்றைக் கேட்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு பழத்தை யாருக்கும் தெரியாமல் துப்பட்டாவில் துடைத்து முகர்ந்தேன். அவ்வளவுதான். பிறகு கூடையில் போட்டுவிட்டேன்.

ஷெரின் அக்கா பழுத்ததைத் தொடவே இல்லை. கல் மாதிரி பச்சையாக இருப்பதாகப் பார்த்துப் பறித்தார். கைப்பைக்குள் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலம் தயார். தோட்டத்துக்கார அம்மாள், வைக்கோல் தொப்பி போட்டவள், ஓடிவந்தாள். இது காய், வீட்டுக்குக் கொண்டு போனாலும் பழுக்காது, வீணாய்ப் போய்விடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "பழுக்காட்டித்தான் எங்களுக்கு நல்லது" என்று அக்கா அவள் பாஷையில் சொல்லி, ஒரு கீற்றை மிளகாயில் தோய்த்துக் கொடுத்தார். அந்த அம்மாள் தின்றாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் விட்டாள், இன்னொன்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. பிருந்தா ஒரு நல்ல பழமாகப் பார்த்துக் கழுவி, தோல் சீவி, கொட்டை எடுத்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டரை வருடத்தில் அவள் என் முகத்துக்கு நேராக வந்து நின்றதே இல்லை.

"உனக்குத்தான் அறுத்தேன் அரசி. சாப்டு பாரு கண்ணு."

"வேண்டாம் பிருந்தா."

"வயிறு சரியில்லையா? காலைலருந்து ஒண்ணுமே நீ சாப்புடல."

"இல்ல. வேண்டாம்."

"ஒரே ஒரு துண்டு. உனக்குப் பிடிக்குமே, அன்னிக்கு கேக்குல கூட" என்று சொல்லிக்கொண்டே அவள் துண்டை என் வாயருகே கொண்டுவந்துவிட்டாள். வாசனை மூக்கில் ஏறியது. என் வாய் திறக்கப் போனது எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தில் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"உன் கையால எதையும் நான் திங்க மாட்டேன். எத்தன தடவ சொல்றது?"

அது என் வாயிலிருந்துதான் வந்தது.  ஷெரின் அக்கா மிளகாய்ப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிருந்தா கீழே விழுந்த துண்டை எடுத்து ஓரமாகப் போட்டாள். தட்டில் மீதி இருந்ததில் ஒன்றை எடுத்து அவளே வாயில் போட்டு மென்றாள். பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனாள். மகிழினி "அம்மா, பழம்" என்று அவள் பின்னாலேயே ஓடியது.

புளியோதரையை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

குணா காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் கேட்டார், "அந்தப் பொண்ணு உனக்கு என்னா கெடுதல் பண்ணுச்சு?"

"உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான். நீ சொன்னாத்தானே புரியும்."

சொல்லவில்லை. எங்கள் கூடைப் பழம் சமையல் மேடைமேல் இருக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனை. ஜன்னலைத் திறந்துவைத்தேன். சாப்பாடு: ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

ஷெரின் அக்கா போன்.

"எத்தன வாரம்?"

"என்னக்கா எத்தன வாரம்?"

"டிராக்டர்ல ஏற மாட்டேன்ன. ஏணியத் தொட மாட்டேன்ன. கோழியக் கண்டு ஓடுன. நான் இருபது வருசமா பிரசவ வார்டுல நிக்கேன் மக்கா. ஆருட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத. ஆனா பிருந்தாட்ட நீ பேசணும். வார வழியில வண்டிய ஓரமா நிறுத்திட்டு அழுதா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா."

பேசுகிறேன் என்றேன். லிப்ட் வரை போனேன். ஒன்பதை அழுத்தவில்லை, கீழே போய்க் குப்பையைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு பாத்ரூமில் ரத்தம் பார்த்தேன். கொஞ்சம்தான். போன தடவையும் கொஞ்சமாகத்தான் ஆரம்பித்தது. குணா வேலை செய்கிற தொழிற்சாலை ஒன்றரை மணி நேரத் தொலைவு, மெஷின் பக்கம் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. ஷெரின் அக்காவுக்கு டியூட்டி. அப்புறம் என் விரல் பிருந்தாவின் எண்ணை அழுத்தியது. அவள் "அரசி?" என்றாள். எனக்கு ரத்தம் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

இடுப்பில் குழந்தை, ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு. லிப்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி இறங்கி ஓடிவந்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்து, பெல்ட்டை அவளே மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். மகிழினி என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. அந்தக் குழந்தை என் மடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதன் தலையில் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. அங்கே உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னேன். கயா, சோப்பு உறை, கேக், நாலாம் நாள். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. படித்தவள் பேசுகிற பேச்சா இது?

பிருந்தா மகிழினியின் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், "அப்ப வளையலுக்காக இல்லையா?"

"எந்த வளையல்?"

"வளைகாப்புல நீ வளையல எடுத்துட்டு வந்தப்போ எங்க மாமியார் கைய நீட்டித் தடுத்தாங்களே. புள்ள பெத்தவங்க மொதல்ல போடட்டும்னு சொன்னாங்க. நான் வாயவே தொறக்கல, பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் நீ என் மூஞ்சில முழிக்கறதில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். ரெண்டரை வருசமா அந்த நெனப்புதான் எனக்கு. சனிக்கிழமை நீ கையத் தட்டிவிட்டப்போ, எனக்கு இது வேணுந்தான்னு நெனச்சேன்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. வளையலைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு நேராகக் கேக் வெட்டுகிற இடத்துக்குத்தான் போயிருப்பேன், அவ்வளவு பசி அன்றைக்கு. அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் எங்களையே பார்த்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். கருவியை வைத்துப் பார்த்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். துடிக்கிறது. அரிசி மணி அளவு இடத்தில் படபடவென்று துடிக்கிறது. சிலருக்கு இப்படி ரத்தம் பட்டு நின்றுவிடும், பாரம் தூக்காமல் இருங்கள் என்றார்கள். பிருந்தா என் கையை விடவே இல்லை, விரல் எல்லாம் மரத்துப் போய்விட்டது.

இந்தத் தடவை நான் பீச்சை வாயில் வைக்கவில்லை. ஆனாலும் ரத்தம் வந்தது. அப்படியென்றால் போன தடவை? இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, வியாழன்

ரத்தம் இல்லை. பிருந்தா ரசம் கொண்டுவந்தாள். குடித்தேன். தங்கியது. மேடைமேல் இருந்த பீச் கூடையை அவளே மேலே எடுத்துப் போய்விட்டாள். "இது கண்ணு முன்னாடி இருந்தா உனக்கு எப்படிச் சோறு எறங்கும்?" என்றாள்.

டப்பாவில் சர்க்கரை போடவில்லை. போன வாரம் செய்த தக்காளித் தொக்கை வழித்துக் கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்ட் 15, சனி

ரத்தம் இல்லை. வாந்தி: இரண்டு. துணி மடித்தேன். குணா வீட்டைப் பெருக்குகிறேன் என்று குப்பையை எல்லாம் சோபாவுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19, புதன்

பன்னிரண்டு வார ஸ்கேன். தலை, வயிறு, கை, கால் எல்லாம் இருக்கிறது. காலை உதைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. குணா திரையைப் பார்த்து, "என்னா அவசரம், மெதுவா, மெதுவா" என்று பேசினார். வெளியே வந்து காரை எடுக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். இது வந்ததைச் சொன்னேன், முன்னால் ஒன்று போனதையும் சொன்னேன். கேக்கையும் சொன்னேன்.  அங்கே குக்கர் விசில் அடித்தது, போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"ரெண்டரை வருசமா இதயா உள்ளயே வெச்சிருந்த?"

"தப்பு என்னுதுதானேம்மா. அப்பா காரியத்துல ஏமாத்துனேன்."

"நீ ஏமாத்துனது எனக்கு அன்னிக்கே தெரியும். உன் பின்னாடிதானே நின்னேன்."

"அப்ப ஏன் திட்டல?"

"அந்த மரத்தடியில நின்னுட்டு என்னாத்தத் திட்றது? நாவப்பழம்னு சொல்லலாம்னுதான் நானும் நெனச்சிட்டுப் போனேன். உங்க அத்த பேச்சக் கேட்டு. நீ ஏதோ வாயில நொழையாத பழத்தச் சொன்னதும் எனக்கு மனசு கேக்கல. உங்கப்பா பாத்துட்டு இருப்பாரேன்னு இருந்துச்சு. பலாப்பழத்த விட்டுட்டேன். எம்பொண்ணுக்கும் சேத்து இதயே வெச்சிக்கங்க சாமின்னு ஐயர்கிட்ட சொன்னேன். உன்னுது அன்னிக்கே தீந்துபோச்சு, போ."

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பண்ருட்டியில், பலா மண்டி வைத்திருக்கிற வீட்டில் இருந்துகொண்டு பலாப்பழத்தை விட்டிருக்கிறாள். ஒன்பது வருடம். வருடத்துக்கு நாலு மாதம் அந்த வீட்டில் பலாப்பழம் இல்லாத நாள் கிடையாது. எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாள், வெட்டுவாள், சுளை எடுப்பாள், தட்டுத் தட்டாகத் தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்புவாள். நான் ஊருக்குப் போன இரண்டு தடவையும் எதிரே உட்கார்ந்து அவள் கையிலிருந்து வாங்கி வாங்கித் தின்றேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறது என்று வருடா வருடம் போனில் கேட்டேன். எழில் இப்படிச் சொன்னான், எதிர்வீட்டில் அப்படிச் சொன்னார்கள் என்று வருடா வருடம் சொன்னாள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. நாள் முழுக்கப் பொடி எழுத்துப் படிக்கிறவள் நான்.

"இனிமே சாப்புடும்மா. எனக்குப் புள்ள தங்கிடுச்சில்ல."

"விட்டது விட்டதுதான். அதுல என்னா கொடுக்கல் வாங்கல்?"

"ஆசையா இருக்காதாம்மா?"

"இருக்காதா பின்ன? வாசன வருதில்ல, வீடு பூரா. அது போதும் எனக்கு. நீ மொதல்ல வயித்துக்கு ஒழுங்கா சாப்புடு."

போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். குணா வந்து என்ன ஆயிற்று, எங்கே வலிக்கிறது என்று பதறினார். வலி ஒன்றும் இல்லை என்றேன். அம்மா பலாப்பழம் சாப்பிடுவதில்லையாம் என்று சொன்னேன். அதற்கா இப்படி அழுகிறாய் என்று கேட்டார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 22, சனி

பிருந்தா வந்தாள். எங்கள் கூடைப் பழத்தை ஜாம் காய்ச்சி ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். "இது அண்ணனுக்கு. உனக்கில்ல, தொடாத" என்றாள். எனக்கு வேறொரு டப்பாவில் நெல்லிக்காய் ஊறுகாய். அம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். "அப்ப உன்னுது தீந்துபோச்சுன்னு உங்கம்மாவே சொல்லிட்டாங்கல்ல. இனி நீ சாப்புடலாமே" என்றாள்.

"சாப்புடலாம்" என்றேன்.

அவள் போன பிறகு பாட்டிலைத் திறந்தேன். அன்றைக்கு மரத்தடியில் வந்த அதே வாசனை, இன்னும் கொஞ்சம் கெட்டியாக. எச்சில் ஊறியது. ஒரு ஸ்பூன் எடுத்தால் கேட்பதற்கு இந்த வீட்டில் யாரும் இல்லை, குணா கடைக்குப் போயிருந்தார். நன்றாக மூச்சை இழுத்து முகர்ந்தேன். இரண்டு தடவை. பிறகு மூடியை இறுக்கி, குணாவுக்கு மட்டும் எட்டுகிற மேல்தட்டில் வைத்தேன். அப்பா, அன்றைக்கு விடவில்லை, இப்போது விட்டுவிட்டேன்.

சாப்பாடு: ரசம் சாதம் ஒரு கிண்ணம், நெல்லிக்காய் ஊறுகாய், அப்பளம். வாந்தி: இல்லை. தூக்கம்: மத்தியானமே இரண்டு மணி நேரம்.